பகிடியாகப் பார்த்த முதற்பாதிக்கு முடிவில் வரும் கணக்கு



நீளமான பதிவு இது. நேரம் உள்ளவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கொமன்ட் போடுங்கள். பாதியில் விட்டுவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். சில படங்களின் முடிவுகளை வெளிப்படையாகவே சொல்லப்போகிறோம். பார்க்காதவர்கள் பார்த்த பிறகு வாசிக்கலாம். சினிமா பார்ப்பதே கூடாது என்ற நிலைப்பாட்டில் இருப்பவர்களோடு இன்று நமக்கு வாதமில்லை. அவர்களை மதிக்கிறோம். இது பார்ப்பவர்களுக்கான பதிவு. அவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஊர் வட்ஸ்அப் குழுவொன்றில் இரண்டு நாளாக ஒரு வாக்குவாதம். பருத்திவீரன் படத்தை யாரோ மறுபடி பார்த்திருக்கிறார். உடனே பழைய பல்லவி தொடங்கிவிட்டது. "நல்லாப் போய்க்கிட்டிருந்த படம். கடைசியில பழுதாக்கிப் போட்டான்." ஒருவர் எழுதினார், இருபது பேர் கைதட்டினார்கள். மறுபக்கத்தில் நாலைந்து இளைஞர்கள், "உங்களுக்குச் சினிமா விளங்காது" என்று பதில் போட்டார்கள். அதன் பிறகு படத்தைப் பற்றி எவரும் கதைக்கவில்லை. ஆளையாள் பற்றித்தான் கதைத்தார்கள்.

இந்த வாக்குவாதம் பருத்திவீரனோடு முடிகிற ஒன்றில்லை. சிரிப்பும் பாட்டுமாக ஓடிய படம் கடைசி இருபது நிமிடத்தில் வேறொரு படமாக மாறினால் நம் ஆட்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஆயிரத்தில் ஒருவன் வந்தபோதும் இப்படித்தான். பிள்ளைகள் போனில் மராத்திப் படம் சைராட் பார்த்துவிட்டு வந்தபோதும் இப்படித்தான். ஒரு பக்கம், "ஏமாத்திட்டான்" என்கிறது. மறுபக்கம், "அதுதான் கலை" என்கிறது. இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. முடிவு திடீரென்று எங்கிருந்தோ வந்து விழுந்தது என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள்.

அது திடீரென்று வரவில்லை என்பதுதான் நம்முடைய வாதம். முதற்பாதியிலேயே அது இருந்தது. நாம் அதைப் பார்த்துச் சிரித்தோம். அதனால்தான் முடிவில் நமக்குக் கோபம் வருகிறது.

பருத்திவீரனையே எடுப்போம். 2007இல் வந்த படம். அமீர் இயக்கியது, கார்த்தியின் முதல் படம். முத்தழகாக நடித்த பிரியாமணிக்குத் தேசிய விருது கிடைத்தது. மதுரைப் பக்கத்துக் கிராமம், திருவிழா, கரகாட்டம், வீரனும் அவனுடைய சித்தப்பா செவ்வாழையும் அடிக்கிற கூத்து. இரண்டு மணி நேரம் வாய் வலிக்கச் சிரிக்கிறோம். கடைசியில் முத்தழகுக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு, "இது என்ன அநியாயம், இது எந்த வகைப் படம்?" என்று கேட்கிறோம்.

சரி, அந்த இரண்டு மணி நேரத்தில் நாம் எதற்குச் சிரித்தோம்? வெட்டுக்குத்து, சிறை, வெளியே வந்து திரும்பவும் வெட்டுக்குத்து. இதுதான் வீரனின் தொழில். பெரிய சிறைக்குப் போய்ப் பேரெடுப்பதுதான் அவனுக்கு வாழ்க்கை இலட்சியம். வழிப்போக்கர்களை மிரட்டுகிறான், சிரித்தோம். பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களை அவனும் சித்தப்பாவும் நடத்துகிற விதத்தைக் கொமடியாக வைத்திருந்தார்கள், அதற்கும் சிரித்தோம். அந்தப் பெண்களுக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரு தாய் இருப்பாள் என்று ஒருவராவது யோசித்தோமா? படம் நம்மை யோசிக்க விடவில்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் நாமும் யோசிக்க விரும்பவில்லை.

பிறகு அந்தப் பாழடைந்த இடத்தில் முத்தழகிடம் வருகிற ஆண்கள் யார்? வானத்திலிருந்து குதித்த வில்லன்களா? வீரன் திரிந்த அதே உலகத்துக்காரர்கள். இப்படியான இடத்தில் இருக்கிற பெண் யாராக இருப்பாள், அவளை என்ன செய்யலாம் என்று அவர்கள் எடுத்த முடிவு, வீரன் முதற்பாதியில் பகிடியாகக் காட்டிய அதே புத்திதான். உயிர் போகிற நேரத்தில் முத்தழகே அவனிடம் அதைச் சொல்கிறாள். அவன் செய்த பாவமெல்லாம் தன் தலையில் விழுந்துவிட்டது என்ற கருத்தில் அவள் கதறுவதைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இதைவிட வெளிப்படையாக ஒரு இயக்குநர் எப்படிச் சொல்வது? அவர் படத்தை மாற்றவில்லை. அதே படத்தை, இந்த முறை அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து காட்டினார்.

"பழுதாக்கிப் போட்டான்" என்று எழுதிய உறவுகளிடம் ஒன்று கேட்கிறோம். முத்தழகும் வீரனும் கைகோத்துக்கொண்டு பஸ் ஏறிப் போயிருந்தால் உங்களுக்குத் திருப்தியா? அப்படியென்றால் முதற்பாதியில் அவன் செய்ததெல்லாம் பகிடியாகவே முடிந்திருக்கும். நீங்கள் கேட்கிற நல்ல முடிவு, செய்தவனுக்குக் கணக்கில்லாத முடிவு.

அடுத்தது சைராட். 2016இல் நாகராஜ் மஞ்சுளே எடுத்த மராத்திப் படம். மராத்தியில் 100 கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் படம் என்று பேசப்பட்டது. செல்வாக்குள்ள பட்டீல் வீட்டுப் பெண் ஆர்ச்சி, மீன்பிடிக்கிற, சாதியில் கீழே வைக்கப்பட்ட குடும்பத்துப் பையன் பர்ஷ்யா. ஜிங்காட் பாட்டுக்குத் தியேட்டர்களில் சனங்கள் எழும்பி நின்று ஆடினார்கள். அப்படிப்பட்ட படத்தின் கடைசியில் ஆர்ச்சியின் சகோதரன் சொந்தக்காரர்களோடு, கையில் அன்பளிப்புகளோடு வீட்டுக்கு வருகிறான். அவள் தேத்தண்ணி கொடுக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வெளியே போயிருந்த சின்னக் குழந்தை திரும்பி வரும்போது வீட்டுக்குள் இரண்டு மையித்துகள். குழந்தை அழுதுகொண்டு வெளியே நடக்கிறது. தரையில் சின்னப் பாதங்களின் இரத்தச் சுவடு. அந்த இடத்தில் படத்தில் சத்தமே கிடையாது.

பிள்ளைகள் சிலர் வந்து, "ஏன் சேர் இப்படி முடிச்சான்? லவ் படம்தானே?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அந்தப் படத்தில் ஆசிரியர்களாகிய நாம் மறக்க முடியாத இடம் ஒன்று உண்டு. முதற்பாதியில் வகுப்பறைக் காட்சி. புதிதாக வந்த ஆசிரியர் தலித் கவிதை பற்றிப் படிப்பிக்கிறார். ஆர்ச்சியின் சகோதரன் பிரின்ஸ் வகுப்பில் இருந்துகொண்டு போனில் கதைக்கிறான். ஆசிரியர் அதைக் கேட்கிறார். அவன் எழும்பி வந்து, இத்தனை மாணவர்கள் முன்னால், ஆசிரியரின் கன்னத்தில் அறைகிறான். அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அப்பா பெரிய ஆள்.

அந்த அறை விழுந்த இடத்தில் படத்தின் முடிவு தொடங்கிவிட்டது. ஆசிரியரை வகுப்பில் அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகக்கூடிய ஒருவன், தன் வீட்டுப் பெண் தான் விரும்பியவனோடு போனால் என்ன செய்வான்? கணக்குப் பாடத்தைவிட இலகுவான கேள்வி இது. ஆனால் அந்தக் காட்சி முடிந்த கையோடு பாட்டு வருகிறது, காதல் வருகிறது, ஆர்ச்சி புல்லட் ஓட்டுகிறாள். நாம் அந்த ஆசிரியரை மறந்துவிடுகிறோம். மஞ்சுளே மறக்கவில்லை.

இந்தப் படத்தை 2018இல் தடக் என்று ஹிந்தியில் எடுத்தார்கள். அங்கேயும் முடிவில் கொலை இருக்கிறது. புருஷனும் குழந்தையும் மாடியிலிருந்து வீசப்படுகிறார்கள், பெண் மட்டும் மிஞ்சுகிறாள். ஆக, வகை மாறுகிற முடிவுதான் அதுவும். ஆனால் அழகான வீடுகள், அழகான உடுப்புகள் என்று போட்டு முன்னால் இருந்த சாதியை மங்கலாக்கிவிட்டார்கள். முடிவு விதையில்லாமல் நிற்கிறது. சைராட் பார்த்துவிட்டு வாயடைத்துப் போனவர்கள் தடக் பார்த்துவிட்டு அப்படிப் போகவில்லை. அதிர்ச்சி மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, நம் நாட்டோடு நெருங்கிய படம். ஆயிரத்தில் ஒருவன். 1965இல் எம்.ஜி.ஆர். நடித்ததைச் சொல்லவில்லை. செல்வராகவன் இயக்கி 2010 பொங்கலுக்கு வந்ததைச் சொல்கிறோம். காணாமல் போன ஒருவரைத் தேடி, இராணுவமும் சுமைகூலிகளும் சேர்ந்து தீவொன்றுக்குப் போகிறார்கள். கடலில் ஆபத்து, காட்டுவாசிகள், பாம்பு, புதைமணல். ஹொலிவூட் படம் போல ஒரு சாகசம். பிறகு சோழர்களின் மிச்சம் வாழ்கிற இடத்துக்குப் போனதும் கதை முற்றாக மாறுகிறது. பட்டினியால் ஒட்டி உலர்ந்த சனம், தூதுவன் வருவான் என்று காத்திருக்கிற ஓர் அரசன், கடைசியில் அந்தச் சனத்தின் மேல் பாய்கிற இராணுவம், பெண்களுக்கு நடக்கிற கொடுமை. புதையல் வேட்டை பார்க்கப் போனவர்கள் திட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். வருடங்கள் போன பிறகு அதே படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2020 கடைசியில் தமிழ்நாட்டில் திரும்பவும் தியேட்டர்களுக்கு வந்தது.

2010 ஜனவரி என்றால் நமக்கு என்ன காலம் என்று சொல்லத் தேவையில்லை. போர் முடிந்து எட்டு மாதம். படத்தின் கடைசிப் பகுதியைப் பார்த்த பலர் 2009 மே மாதத்தோடு சேர்த்தே அதைப் பேசினார்கள். எல்லாச் சமூகத்திலும் அதைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கதை உண்டு. நமக்கும் 1990 என்று ஒரு வருடம் உண்டு. அதையெல்லாம் இங்கே பிரித்துப் போட வரவில்லை. நாம் கேட்பது சின்னக் கேள்வி.

அந்தப் படத்தின் முதற்பாதியில் அதே இராணுவம் தீவில் இருந்த காட்டுவாசிகளைச் சுட்டது. அப்போது நமக்கு என்ன செய்தது? விறுவிறுப்பாக இருந்தது. அவர்கள் பெயிண்ட் பூசிய முகங்கள். பெயரில்லை, அவர்களுடைய பேச்சு நமக்கு விளங்கவில்லை. சுட்டால் கைதட்டலாம். பிற்பாதியில் அதே துப்பாக்கிகள் தமிழ் கதைக்கிற சனத்தின் பக்கம் திரும்பியதும் படம் சாகசத்திலிருந்து துயரமாக மாறிவிட்டது என்கிறோம். துப்பாக்கி மாறவில்லை. சுட்டவர்கள் மாறவில்லை. சுடப்பட்டவர்களின் பாஷை மட்டும் நமக்கு விளங்கியது. இயக்குநர் இதை யோசித்து வைத்தாரா என்று வாதிடலாம். படத்தில் அது இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. இந்த நாட்டில் இருந்துகொண்டு இதை விளங்காமல் போனால், வேறு யாருக்கு விளங்கப்போகிறது? அடுத்தவன் வீடு எரியும்போது அது செய்தி. நம் வீடு எரியும்போது அது வேறு வகைக் கதை. எல்லாப் பக்கமும் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் முப்பது வருடம் போனது.

சரி, இனி மறுபக்கத்து இளைஞர்களிடம் வருவோம். "வாழ்க்கையும் இப்படித்தானே, திடீரென்று மாறும்" என்று எழுதினீர்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரையில் இருக்கிறவர்களுக்கு அதைப் படிப்பிக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன நடந்தது என்று எங்கள் சனங்களுக்குத் தெரியும். ஆனால் சுனாமியை எவரும் எழுதி இயக்கவில்லை. படத்தை ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார், ஒவ்வொரு காட்சியையும் தெரிவு செய்கிறார். "வாழ்க்கை அப்படித்தான்" என்று அவர் தப்பிக்க முடியாது. ஏன் இந்த இடத்தில் திருப்பினாய் என்று கேட்டால் படத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும்.

திருப்பம் எல்லாமே உயர்ந்த கலை என்பதும் பொய்தான். ஃப்ரம் டஸ்க் டில் டோன் என்று 1996இல் ஒரு ஹொலிவூட் படம். கொள்ளைக்காரர்கள் தப்பி ஓடுகிற கதை, ஒரு மதுச்சாலைக்குள் போனதும் இரத்தம் குடிக்கிற பேய்ப் படமாகிவிடும். அது வெளிப்படையான விளையாட்டு. விளையாட்டாகவே எடுத்தார்கள், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம். 2007இல் டேனி போயில் எடுத்த சன்ஷைன் அப்படியில்லை. அணைந்துகொண்டு போகிற சூரியனைத் திரும்ப மூட்டுவதற்கு ஒரு விண்கலத்தில் சிலர் போகிறார்கள். மனித குலத்துக்காக ஒருவர் எவ்வளவு தூரம் தன்னைக் கொடுக்கலாம் என்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு நெருங்கிய நேரம் அருமையாகக் கேட்டுக்கொண்டு போகிறது படம். கடைசியில் உடம்பெல்லாம் வெந்த ஒருவன் கத்தியோடு துரத்துகிறான். யார் தப்புவார் என்பதுதான் இனிக் கேள்வி. முதலில் கேட்ட பெரிய கேள்வியை ஒரு சின்னக் கேள்வியால் மூடிவிட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம். அதை நல்ல முடிவு என்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாதாடலாம். ஆனால் வாதாடுகிற இடம் அதுதான். வகை மாறியதா என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை. முதற்பாதி கேட்ட கேள்விக்கு முடிவு பதில் சொல்கிறதா, அல்லது அந்தக் கேள்வியிலிருந்து ஓடுகிறதா என்று பாருங்கள்.

இப்படி முகத்திலடிக்கிற திருப்பம் புதுப் பழக்கமும் இல்லை. 1960இலேயே ஹிட்ச்கொக் சைக்கோ படத்தில் காசைத் திருடிக்கொண்டு ஓடுகிற பெண்ணின் கதையை நமக்குக் காட்டிவிட்டு, பாதி வழியில் அவளைக் கொன்று வேறு படத்தைத் தொடங்கினார். படம் தொடங்கிய பின் எவரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்குச் சொல்லியிருந்தார். முதற்பாதியை ஒழுங்காகப் பார்க்காதவனுக்குத் திருப்பம் விளங்காது என்பது அந்த மனிசனுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு எதிர்ப்புகளை நாம் மதிக்கிறோம். அவற்றை "உங்களுக்குச் சினிமா விளங்காது" என்று தள்ளிவிட முடியாது.

ஒன்று, பெற்றோருடையது. சின்னப் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பாட்டும் கூத்துமான படம் என்று பார்க்க, கடைசியில் இப்படி வந்தால் என்ன செய்வது என்கிறார்கள். நியாயமான பேச்சு. பருத்திவீரன் சின்னப் பிள்ளைகளுக்கான படமில்லை. ஆனால் உறவுகளே, முதற்பாதியும் சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை. கடைசிக் காட்சியில் பிள்ளையின் கண்ணைப் பொத்துகிற நாம், வீரன் பெண்களை நடத்துகிற கொமடிக் காட்சியில் பிள்ளையோடு சேர்ந்து சிரிக்கிறோம். பிள்ளை எதைப் படித்துக்கொள்ளும்? கண்ணைப் பொத்திய காட்சியையா, வாப்பா சிரித்த காட்சியையா?

இரண்டாவது, சக ஆசிரியை ஒருவர் சொன்னது. "ஆம்பிளை செஞ்ச பாவத்துக்கு ஏன் எப்பவும் பொம்பிளையின் உடம்புதான் கணக்குக் கட்டணும்?" என்று கேட்டார். பருத்திவீரனில் முத்தழகு. ஆயிரத்தில் ஒருவனில் சோழப் பெண்கள். இந்தக் கேள்விக்கு நம்மிடம் இலகுவான பதில் கிடையாது. வீரனுக்குப் பாடம் படிப்பிக்க முத்தழகைச் சிதைக்கத்தான் வேண்டுமா? அந்தக் காட்சி அவ்வளவு நேரம் நீளத்தான் வேண்டுமா? இயக்குநர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. சைராட்டில் கொலையை நாம் பார்ப்பதே இல்லை. குழந்தையின் காலடியை மட்டும் பார்க்கிறோம். மஞ்சுளே காட்டாமலே காட்டினார். அதனால் நம் மனதில் அது ஒருபடி மேலே நிற்கிறது. கவனியுங்கள், இந்த ஆசிரியையின் எதிர்ப்புக்கும் "படத்தைப் பழுதாக்கிட்டான்" என்ற எதிர்ப்புக்கும் சம்பந்தமில்லை. அவர் அந்தப் பெண்ணுக்காகக் கோபப்படுகிறார். மற்றவர்கள் கெட்டுப்போன தங்கள் மாலை நேரத்துக்காகக் கோபப்படுகிறார்கள்.

இனி, ஒரு வாத்தியார் சினிமாவைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறார் என்று நினைப்பவர்களுக்கு.

பின்னேரம் ரியூஷன் விடுகிற நேரம் நம் ஊர் ஒழுங்கைகளில் நின்று பாருங்கள். பிள்ளைகள் வருகிற வழியில் மோட்டார் சைக்கிள்கள். ஒருவன் பின்னாலேயே வருவான், ஒருவன் ஹோன் அடிப்பான், ஒருவன் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுப் பாட்டுப் பாடுவான். கடை வாசலில் இருக்கிற பெரியவர்கள் சிரிப்பார்கள். பிடித்துக் கேட்டால், "பகிடிதானே சேர்" என்பான். வீட்டில் போய்ச் சொன்னால், "வயசுப் பொடியன் தானே, விடுங்க" என்பார்கள்.

பிறகு என்ன நடக்கிறது? கதை பரவுகிறது. யாரோ ஒருவர் வட்ஸ்அப்பில் போட்டோ ஒன்றைப் போடுகிறார். தரம் 10 படிக்கிற பிள்ளையை வாப்பா ரியூஷனிலிருந்து நிறுத்துகிறார். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை. கணக்கில் எண்பதும் தொண்ணூறும் எடுத்த பிள்ளை, சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை. விசாரித்தால் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். அப்போது ஊர் சொல்கிறது, "ஐயோ பாவம், நல்லாப் படிச்ச பிள்ளை, திடீரென்று இப்படியாகிட்டே."

திடீரென்றா?

அந்த ஒழுங்கையில் பொடியனுக்கு இன்றும் கொமடிப் படம்தான் ஓடுகிறது. அவன் அதே மோட்டார் சைக்கிளில் அடுத்த பிள்ளையின் பின்னால் போகிறான். படம் மாறியது அந்தப் பிள்ளைக்கு மட்டும். அவள் ஒரு தவறும் செய்யவில்லை, கணக்கை அவள்தான் கட்டினாள். முத்தழகுக்காகக் கண்ணீர் விட்டவர்களும், முடிவு பிடிக்காமல் திட்டியவர்களும் அந்தக் கடை வாசலில் இருந்தார்கள். வகுப்பில் நாம் வெற்றுக் கதிரையைப் பார்க்கிறோம். அதனால்தான் எழுதுகிறோம்.

சினிமா பார்த்துத்தான் பொடியன்கள் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல வரவில்லை. அது சோம்பேறிப் பேச்சு. படம் வராத காலத்திலும் ஒழுங்கை இருந்தது. நாம் சொல்வது, படம் பார்க்கிற முறையும் ஊரைப் பார்க்கிற முறையும் ஒன்றுதான் என்பது. எதைப் பார்த்துச் சிரிக்கிறோம், எந்த இடத்தில் யாருடைய முகத்தைப் பார்க்க மறுக்கிறோம், கடைசியில் யாரைக் குற்றம் சாட்டுகிறோம் என்பதெல்லாம் இரண்டு இடத்திலும் ஒரே பழக்கம். தியேட்டரில் இயக்குநரைத் திட்டுகிறோம். ஊரில் விதியைத் திட்டுகிறோம்.

ஆகவே உறவுகளே, இனி ஒரு படத்தின் முடிவு உங்களைக் குழப்பினால் அன்றைக்கே தீர்ப்பு எழுதாதீர்கள். முதற்பாதியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். எந்த இடத்தில் சிரித்தீர்கள், எந்த இடத்தில் விசிலடித்தீர்கள் என்று பாருங்கள். அந்த இடத்தில் பெயரில்லாமல் ஓர் ஆள் அடிபட்டுக்கொண்டிருந்தாரா என்று பாருங்கள். இருந்தால், முடிவு சரியான இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் தாராளமாக இயக்குநரைத் திட்டுங்கள், நாமும் சேர்ந்து திட்டுகிறோம்.

வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். "இந்தக் கொமடியில அடிவாங்கினது யாரு மகன்?" என்று ஒரு கேள்வி போதும். ஒரு வருடப் பாடத்தை அது படிப்பித்துவிடும். உயர்தரத்தில் தமிழ் எடுக்கிற பிள்ளைகளுக்கு நாம் சிலப்பதிகாரம் படிப்பிக்கிறோம். புகாரில் கொண்டாட்டமாகத் தொடங்குகிற கதை மதுரை எரிவதில் போய் நிற்கிறது. இளங்கோவடிகள் வகையை மாற்றிவிட்டார் என்று இதுவரை எந்தப் பிள்ளையும் விடைத்தாளில் எழுதியதில்லை. காற்சிலம்பு முதலிலிருந்தே கதையில் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

வாதாட விரும்புகிறவர்கள் வாருங்கள். சன்ஷைன் பற்றி நாம் சொன்னது பிழை என்பவர்கள் முதலில் வாருங்கள், ஆசையாக இருக்கிறது. ஆளையாள் ஏசுகிற கொமன்ட்களை மட்டும் அழித்துவிடுவோம். மற்றது, பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் ரியூஷன் வகுப்புகளுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிற நானாமார் இந்தப் பதிவை வாசித்தால், நாளைக்கு அந்த மோட்டார் சைக்கிள்கள் வரும்போது சிரிக்காமல் எழும்பி நில்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறோம்.